தொலைவில் ஏவிய பணி



ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். பல்லவர் வரலாறும் சோழர் வரலாறும் எழுதத் தகுந்த அறிஞர்கள் நம் காலனியிலேயே உளர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தின் கோப்புகளுக்கு நடுவே காலம் கழிக்கும் யாம் அத்துறையில் கால் வைப்பது முறையன்று. எனினும் எம் தொழிலை ஒட்டியே ஒரு வரலாறு உண்டு. அரசர்களோ போர்க்களங்களோ அதில் இல்லை. ஆயினும் ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வாழும் நம்மனோர் ஒவ்வொருவருடைய வாழ்விலும் அது நாள்தோறும் குறுக்கிடுகின்றது. கணிப்பொறி ஒன்று தொலைவிலுள்ள மற்றொரு கணிப்பொறியை ஏவி வேலை வாங்கும் முறையின் வரலாறே அது. ஆங்கிலத்தில் ரிமோட் புரொசீஜர் கால் என வழங்கும் இதனைத் தொலைசெயல் அழைப்பு என்று தமிழில் கூறலாம்.

வரலாற்றுக்குள் புகுமுன், எம் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவது பொருந்தும்.

1989-ஆம் ஆண்டுக் கோடை. யாம் அப்போது சிறுவன். எம் தந்தையாரும் இரயில்வே ஊழியரே. ஊருக்குச் சென்று திரும்ப வேண்டும். போகும் பயணத்திற்கு இங்கேயே இடம் கிடைத்துவிட்டது. சென்னையிலிருந்து திரும்பும் பயணத்திற்கு இடம் வேண்டுமெனில், அந்நாளில் இங்கிருந்து தந்தி அனுப்ப வேண்டும். அங்குள்ளோர் இடம் ஒதுக்கி மறுதந்தி விடுப்பர். நால்வருக்குப் படுக்கை வேண்டித் தந்தி சென்றது. பத்து நாள் ஆகியும் விடை இல்லை. தந்தையார் மீண்டும் ஒரு தந்தி அனுப்பச் செய்தார். அதற்கு விடை வந்தது. மனநிறைவுடன் ஊருக்குச் சென்றோம்.

திரும்பும் நாளன்று, சென்னை நிலையத்தில் பெட்டியின் புறத்தே ஒட்டியிருந்த பெயர்ப் பட்டியலைத் தந்தையார் படித்தார். எம் குடும்பத்தார் நால்வர் பெயரும் அதில் இருமுறை இருந்தன. முதல் தந்தியும் சென்று சேர்ந்திருந்தது. வராமற் போனது அதன் விடை மட்டுமே. இரண்டாம் தந்தியைப் புதிய வேண்டுகோள் என்றே கருதி, அங்கிருந்தோர் மேலும் நான்கு படுக்கைகளை ஒதுக்கிவிட்டனர்.

இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. யாம் மாமா என்றழைக்கும் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நண்பர் அதே வண்டியில் இடம் கேட்டு, இல்லை என்ற விடை பெற்றிருந்தார். அவர் குடும்பத்தோடு மூன்று நாள் கழித்தே வந்து சேர்ந்தார். விடுப்பு முடிந்துவிட்டமையால் அந்த மூன்று நாள் ஊதியமும் போயிற்று. தந்தையார் அவர் இல்லம் சென்று நடந்ததைக் கூறி வருந்தினார். "நீங்கள் என்ன செய்வீர்கள்? பதில் வந்திருந்தால் மறுபடி கேட்டிருப்பீர்களா?" என்று மாமா அமைதியாகக் கேட்டார். அந்த வினா இன்றளவும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

விடை வரவில்லை என்றால் என்ன பொருள்? கேள்வி போய்ச் சேரவில்லையா? சேர்ந்தும் பணி நடக்கவில்லையா? பணி நடந்து விடை மட்டும் வழியில் தொலைந்ததா? கேட்டவன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். இவற்றுள் எது என்று அறியாமலே அவன் அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டும். கணிப்பொறி வல்லுநர் பல்லாண்டுகளாக முட்டி மோதிக்கொண்டிருப்பதும் இதே கதவில்தான்.

இரயில்வே இதற்குத் தன் வழியில் ஒரு விடை கண்டது. ஒற்றைப் பாதையில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்திற்கு வண்டியை விட வேண்டுமாயின், முதலில் அங்கிருந்து லைன் கிளியர் பெற வேண்டும் என்பது நம் காலனிச் சிறுவரும் அறிந்ததே. நீல் என்பவர் பெயரால் வழங்கும் டோக்கன் கருவிகள் இரு நிலையங்களிலும் மின்கம்பியால் இணைந்திருக்கும். இரண்டு கருவிகளிலுமாக ஒரு நேரத்தில் ஓர் உருண்டையை மட்டுமே வெளியே எடுக்க இயலும். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை நகர்த்தமாட்டார். நிலைய அதிகாரிகள் உறுதிமொழி பரிமாறும்போது பிரைவேட் நம்பர் எனப்படும் எண்ணையும் பரிமாறுவர். அச்சிட்ட தாளில் வரிசை மாறிக் கிடக்கும் அவ்வெண்களுள் ஒன்றை ஒருமுறை பயன்படுத்தியதும் அடித்துவிடுவர். இன்ன உறுதிமொழி இன்ன வண்டிக்கு உரியது என்பதற்கு அவ்வெண்ணே சான்று.

இம்முறையின் உயிர்நாடி ஒன்றே. விடை வரவில்லையா, வண்டி நிற்கட்டும். மௌனத்திற்கு இல்லை என்றே பொருள். காலம் வீணாகலாம், உயிர் வீணாகாது. ஆனால் எல்லாப் பணியையும் இவ்வாறு நிறுத்தி வைக்க முடியுமா? எம் தந்தையார் தந்தியின் விடைக்காகக் காத்தே இருந்திருந்தால் கோடை விடுமுறையே கழிந்திருக்கும்.

இனிக் கணிப்பொறியின் பக்கம் திரும்புவோம்.

1969-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள், அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் கணிப்பொறிக்கு ஆர்ப்பாநெட் என்னும் வலையின் முதற் செய்தி சென்றது. அனுப்ப எண்ணிய சொல் லாகின் என்பது. ஆங்கில எழுத்து இரண்டு போய்ச் சேர்ந்ததும் அப்பக்கத்துக் கணிப்பொறி விழுந்துவிட்டது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்குப் பின்னரே முழுச் சொல்லும் சென்றது. ஒருவர் நலமாயிருக்க மற்றவர் விழுந்து கிடக்கும் நிலை, இவ்வாறு முதல் நாளிலேயே தன் முகத்தைக் காட்டிவிட்டது.

அடுத்த சில ஆண்டுகளில் வலை வளர்ந்தது. தொலைவிலிருந்து உட்புக ஒரு நெறிமுறை, கோப்பை மாற்ற வேறொரு நெறிமுறை எனப் பல தோன்றின. ஒவ்வொன்றும் தனக்கென்று ஏவற் சொற்களையும் விடைகளையும் வகுத்துக்கொண்டது. ஓர் அலுவலகத்தில் ஒவ்வொரு பிரிவும் தனித்தனிப் படிவம் வைத்துக்கொண்டால் எழுத்தன் படும் பாட்டை யாம் நன்கு அறிவோம். ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த ஜேம்ஸ் ஒயிட் என்பார், 1976-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆர்.எஃப்.சி. 707 என்ற எண்ணுடைய ஏட்டில் இக்குறையை எடுத்துரைத்தார். எல்லாப் பணிகளுக்கும் பொதுவான ஒரே அழைப்பு முறை வேண்டும் என்றும், நிரலர் தம் கணிப்பொறிக்குள் ஒரு செயற்கூற்றை அழைப்பது போலவே தொலைவில் உள்ளதையும் அழைக்க இயல வேண்டும் என்றும் அவர் கருத்துரைத்தார். உள்ளூர் அழைப்புக்குச் செலவு சொற்பம், தொலை அழைப்புக்கு அப்படியன்று என்ற எச்சரிக்கையும் அவர் ஏட்டிலேயே காணப்படுகின்றது.

1981-இல் புரூஸ் நெல்சன் என்பார் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் இப்பொருள் பற்றியே முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார். பின்னர் அவரும் ஆண்ட்ரூ பிரெல் என்பாரும் பாலோ ஆல்டோவில் உள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் இதனைச் செயலில் கட்டிக் காட்டினர். 1984 பிப்ரவரியில் வெளிவந்த அவர்களது கட்டுரை, இத்துறையில் பின்வந்தோர்க்கெல்லாம் மூலநூல் போன்றது. அமெரிக்கக் கணிப்பொறியாளர் கழகம் 1994-இல் தன் மென்பொருள் விருதை இருவருக்கும் வழங்கிச் சிறப்பித்தது.

அவர்கள் வகுத்த முறையை நம் அலுவலக வழக்கைக் கொண்டே விளக்கலாம். யாம் ஒரு கணக்கைச் சரிபார்க்க வேண்டும். ஏடு வேறு கட்டிடத்தில் உள்ளது. எம் மேசையருகில் ஓர் உதவியாளர் இருக்கிறார். சரிபார்த்துத் தருக என்கிறோம். அவர் எம் சொல்லைப் படிவத்தில் எழுதி, உறையிலிட்டு அனுப்புகிறார். அக்கட்டிடத்திலும் ஓர் உதவியாளர் உளர். அவர் உறையைப் பிரித்து, அங்குள்ள கணக்கரிடம் நேரில் கேட்பது போலக் கேட்டு, விடையை உறையிலிட்டு விடுக்கிறார். எமக்கோ எம் அருகிலிருந்தவரே விடை கூறியது போல் தோன்றும். இவ்விரு உதவியாளரையும் ஸ்டப் என்பர். நிரலர் கையால் எழுதாமல், செயலின் வரையறையைப் படித்து ஸ்டப்புகளைத் தானே இயற்றித் தரும் லூப்பின் என்ற கருவியையும் அவர்கள் அமைத்தனர். மனிதக் கை படாத படிவத்தில் மனிதப் பிழையும் குறைவு.

உறைகள் செல்லும் முறையிலும் சிக்கனம் இருந்தது. ஒவ்வொரு அழைப்புக்கும் அடையாள எண் உண்டு. எந்தக் கணிப்பொறி, அதிலுள்ள எந்தச் செயல், எத்தனையாவது அழைப்பு என்பன அவ்வெண்ணில் அடங்கும். விடை வந்தாலே கேள்வி சேர்ந்தது என்பதற்குச் சான்றாகும். அடுத்த கேள்வி வந்தாலே முந்தைய விடை சேர்ந்தது என்பதற்குச் சான்றாகும். தனியே ஒப்புகைச் சீட்டுத் தேவையில்லை. விடை தாமதித்தால் அதே எண்ணோடு அழைப்பு மீண்டும் செல்லும். அப்பக்கத்தில் இருப்பது எண்ணைப் பார்த்து, முன்னரே செய்த பணி என்று உணர்ந்தால் மீண்டும் செய்யாது. நிலைய அதிகாரி அடித்துவிட்ட பிரைவேட் நம்பரை அன்பர்கள் இவ்விடத்தில் நினைவு கூர்க. 1989-ஆம் ஆண்டின் இரு தந்திகளிலும் இத்தகைய எண் ஒன்று இருந்து, அதனைப் பார்க்கும் வழக்கமும் அங்கு இருந்திருந்தால், எம் பெயர்கள் பட்டியலில் ஒருமுறையே இருந்திருக்கும். மாமாவும் அதே வண்டியில் வந்திருப்பார்.

அப்பக்கத்துக் கணிப்பொறி நடுவில் விழுந்து எழுந்தால் என் செய்வது? அதன் நினைவில் இருந்த பழைய எண்களெல்லாம் அழிந்திருக்குமே! இதற்கும் அவர்கள் வழி செய்தனர். விழுந்து எழுந்ததற்குப் புதிய அடையாளம் வாய்க்கும். பழைய அடையாளத்தை நோக்கி வந்த அழைப்பு ஏற்கப்படாது. ஆகவே விடை வந்தால் பணி சரியாக ஒருமுறை நடந்தது என்பது உறுதி. பிழை என்ற அறிவிப்பு வந்தால், பணி ஒருமுறை நடந்திருக்கலாம், நடவாமலும் இருக்கலாம், இருமுறை நடந்திராது. இவ்விரண்டில் எது என்று தம்மால் கூற இயலாது என்பதை அவர்கள் மறைக்கவில்லை. எம் மதிப்பில் அந்நேர்மையே அக்கட்டுரையின் பெருஞ்சிறப்பு.

விலையும் இல்லாமல் இல்லை. ஒரு நொடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால், வெறும் அழைப்பும் விடையும் சென்று வர அவர்களுடைய கருவிகளில் ஏறத்தாழ 1,100 கூறுகள் ஆயின. அதே அழைப்பு உள்ளூரில் முடிந்தால் 10 கூறுகளும் ஆகாது. ஒயிட் எச்சரித்தது இதையே.

அடுத்து எழுந்தது மொழிச் சிக்கல். ஒரு நிறுவனத்தின் கணிப்பொறி எண்ணின் பெரும்பகுதியை முதலில் வைக்கும். வேறொன்றோ சிறுபகுதியை முதலில் வைக்கும். முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று பூசலிட்டோரைப் பற்றிக் கலிவரின் பயணங்கள் என்னும் ஆங்கிலக் கதையில் வருவதை நினைத்து, டேனி கோஹன் என்பார் 1980-இல் இருசாராருக்கும் பெருமுனையார், சிறுமுனையார் என்ற பொருளில் பெயரிட்டார். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் இதற்குப் பொதுமொழி ஒன்றை வகுத்து 1987-இல் வெளியிட்டனர். வீட்டில் எம்மொழி பேசினாலும், வலையில் செல்லும்போது பெரும்பகுதி முதலில், நான்கு நான்கு பைட்டுகளாக என்பது அவர்கள் வகுத்த விதி. வீட்டில் ஒரு மொழியும் கடைவீதியில் வேறொரு மொழியும் பேசி வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். அவர்களது அழைப்பு நெறிமுறை 1988-இல் வெளிவந்தது. அழைப்பு எண், நிரலின் எண், அதன் பதிப்பு எண், செயலின் எண் ஆகியவை ஒவ்வொரு அழைப்பிலும் இடம்பெற்றன. பதிப்பு எண் இருப்பதால் பழைய நிரலும் புதிய நிரலும் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டுகொள்ள முடிந்தது.

அதன்மேல் எழுந்த என்.எஃப்.எஸ். என்னும் கோப்பு முறை, எம் தந்தையாரின் சிக்கலுக்கு மற்றொரு விடையைக் கையாண்டது. அடுத்த பகுதியைத் தருக என்று கேளாமல், இன்ன கோப்பில் இன்ன இடத்திலிருந்து இத்தனை எழுத்துத் தருக என்று கேட்பதே அது. முன்னதை இருமுறை கேட்டால் இருவேறு விடை வரும். பின்னதை நூறு முறை கேட்டாலும் விடை ஒன்றே. நால்வருக்கு நான்கு படுக்கை ஒதுக்குக என்ற தந்தியை இருமுறை அனுப்பினால் எட்டாகும். இன்ன பெட்டியில் 17 முதல் 20 வரையுள்ள படுக்கைகளை இன்னாருக்கு ஒதுக்குக என்று எழுத முடிந்திருந்தால், இருமுறை சென்றாலும் நான்கே. மீண்டும் செய்தாலும் கெடாதவாறு ஏவலை அமைப்பது இவ்வழி. ஆயினும் எல்லா ஏவலையும் அவ்வாறு அமைத்துவிட இயலாது. கோப்பை அழி என்ற ஏவல் இருமுறை சென்றால், இரண்டாவதற்கு அப்படி ஒரு கோப்பே இல்லை என்ற விடை வரும். அத்தகைய இடங்களில், செய்த பணிகளைக் குறித்து வைக்கும் வழக்கமே பின்னர்க் கைகொடுத்தது.

தொலைவை மறைத்துவிட்டோம் என்ற பெருமிதம் வளர்ந்த காலத்தில், 1994-இல், அதே சன் நிறுவனத்தின் ஆய்வகத்தைச் சார்ந்த ஜிம் வால்டோ முதலிய நால்வர் ஒரு குறிப்பு வெளியிட்டனர். தொலைவில் உள்ளதை அருகில் உள்ளது போலவே நடத்துவது தவறு என்பது அதன் சாரம். காலத் தாழ்ச்சி வேறு. நினைவகத்தை அணுகும் முறை வேறு. பல பணிகள் ஒருங்கே நடப்பதால் எழும் சிக்கல் வேறு. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு பகுதி மட்டும் விழுந்து மற்றது நிற்கும் நிலை தொலைவுக்கே உரியது. இவற்றை மறைக்காமல் நிரலரின் கண்முன் வைக்க வேண்டும் என்றனர்.

பின்வந்தோர் இதனை ஓரளவு மதித்தனர். கூகுள் நிறுவனம் 2008-இல் பொதுவில் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் முறையில் படிவத்தின் ஒவ்வொரு கட்டத்திற்கும் எண் உண்டு. நீக்கிய கட்டத்தின் எண்ணை வேறொன்றுக்கு மீண்டும் வழங்கலாகாது. தெரியாத எண் வந்தால் அதனைத் தாண்டிச் செல்லலாம். 2015-இல் அந்நிறுவனம் வெளியிட்ட ஜி.ஆர்.பி.சி. முறையில் அழைப்போடு கெடுவையும் குறித்து அனுப்பலாம். கெடு கடந்தபின் அந்த விடைக்காக எவரும் காத்திருக்க வேண்டுவதில்லை. முன்னோர் ஓயாமல் காத்திருந்தனர். பின்னோர் காத்திருப்பதற்கும் வரம்பு கட்டினர். எனினும் கெடு கடந்தது என்பதற்குப் பணி நடக்கவில்லை என்று பொருள் கொள்ளலாகாது. பழைய வினா அப்படியே நிற்கின்றது.

நம் இரயில்வேயிலும் இவ்வரலாறு நடந்தது. கணிப்பொறி வழி முன்பதிவு 1985-இல் புதுதில்லியில் தொடங்கியது. இரயில்வே தகவல் முறைகளுக்கான கிரிஸ் நிறுவனம் 1986-இல் பிறந்தது. தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என ஐந்து மையங்களில் ஐந்து கணிப்பொறிகள் ஐந்து தீவுகள் போல் இயங்கின. ஒன்றின் வண்டியில் இடம் உண்டா என்பது மற்றொன்றுக்குத் தெரியாது. கான்செர்ட் என்னும் மென்பொருள் 1994-இல் செகந்திராபாத்தில் முதலில் வந்தது. 1999-இல் ஐந்தும் ஒன்றாக இணைந்தன. அன்றுமுதல் நம் ஊர்ச் சாளரத்தில் நின்றபடியே சென்னையிலிருந்து திரும்பும் சீட்டைக் கையில் பெறலாயிற்று. 2002-இல் இணையத்தின் வழியே சீட்டு வந்தது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நம் நாட்டில் முடிவுற்றது. எம் தந்தையார் இவற்றையெல்லாம் காண வாழ்ந்திருந்தார். இணையச் சீட்டு முதன்முதலில் வந்தபோது, பெயர்கள் ஒருமுறைதான் இருக்கின்றனவா என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

அவர் ஐயம் வீணன்று. பணம் கணக்கிலிருந்து கழிந்தது, சீட்டோ வரவில்லை என்ற முறையீட்டை இன்றும் நம் காலனியில் கேட்கின்றோம். கைப்பேசியிலிருந்து இரயில்வேக்கும், அங்கிருந்து வங்கிக்கும், வங்கியிலிருந்து மீண்டும் இரயில்வேக்கும் அழைப்புகள் செல்கின்றன. எங்கேனும் ஒரு விடை தவறினால் கேட்டவர் இருளில் நிற்கின்றார். அவ்வேளை பதற்றத்தில் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்துவது, எண் குறிக்காத இரண்டாம் தந்தியை அனுப்புவதற்கு ஒப்பாகும். பணப் பரிமாற்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, முதலில் அதன் நிலை யாதென்று பார்த்து, பிறகு அடுத்த அடி எடுத்து வைப்பதே அறிவுடைமை. மணவிழாவிற்கோ, உயிர் பிரியும் தறுவாயில் உள்ள பெற்றோரைக் காணவோ செல்பவர் கையில் அந்தச் சீட்டு உள்ளதா என்பது சிறு செய்தியன்று.

ஐம்பதாண்டு வரலாற்றின் பயனை எம் சிற்றறிவுக்கு எட்டியவாறு இவ்வளவில் அடக்குகின்றோம். விடை வராதபோது மீண்டும் கேட்கலாம், தவறில்லை. ஆனால் முன்பு கேட்டதையே கேட்கின்றேன் என்று சொல்லிக் கேட்க வேண்டும். கேட்கப்படுபவரும் தாம் முன்பு செய்ததை நினைவில் வைத்திருக்க வேண்டும். மாமா அன்று கேட்ட வினாவிற்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து யாம் கூறக்கூடிய விடை இதுவே.